ஆங்கில ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கேள்வி: வணக்கம் சார். ஏற்காடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது சேலத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைப் பற்றி ப்ராஜெக்ட். கைடு கொடுத்த ஆங்கிலக் கட்டுரைகளை அகராதியோடு உட்கார்ந்து படித்தாலும் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. எழுதும்போது அதிலிருந்தே வரிகளை எடுத்து ஒன்றிரண்டு வார்த்தைகளை மாற்றி வைத்தேன், சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?
- மாணவி, ஏற்காடு

பதில்: வேண்டாம். ஆய்வுக் கட்டுரையைக் கதை மாதிரி முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் அப்ஸ்ட்ராக்ட், இன்ட்ரொடக்‌ஷன், மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கஷன் (சுருக்கம், முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம்) என்ற ஒரே அமைப்பில் வரும். முதலில் அப்ஸ்ட்ராக்ட், அப்புறம் நேராக அட்டவணைகளும் படங்களும், பிறகு இன்ட்ரொடக்‌ஷனின் கடைசிப் பத்தி. அவர்கள் என்ன கேள்வியோடு ஆய்வில் இறங்கினார்கள் என்பது பெரும்பாலும் அந்தப் பத்தியில் இருக்கும். அதற்குச் சற்று மேலே ‘ஹவெவர்’ (ஆனால்) என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அடிக்கோடு போடுங்கள், இதுவரை யாரும் பார்க்காதது எது என்று பல நேரம் அங்கேதான் சொல்வார்கள். இன்ட்ரொடக்‌ஷன் இப்படி நகர்வதை ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-லேயே விளக்கிவிட்டார், ஆனாலும் நம் வகுப்புகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அகராதியை எல்லா வார்த்தைக்கும் திறக்காதீர்கள். தாவரவியல் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், இழுத்துப் பிடிப்பவை சிக்னிஃபிகன்ட், கன்சிஸ்டன்ட், இண்டிகேட் போல எல்லாத் துறையிலும் வரும் சொற்கள். ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-த்தில் இப்படி 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் குழுக்களை, ஒரு பட்டியலாகத் தொகுத்திருக்கிறார், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் கொஞ்சம் பாருங்கள், போதும்.

இனி எழுத்து. வார்த்தையை மட்டும் மாற்றி வைப்பதும் காப்பியடிப்பதுதான், கைடு சுழித்தது சரி. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 40-ஐத் தாண்டி 60 வரை போனால் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே ஓராண்டு தடை. பயமுறுத்தச் சொல்லவில்லை, முதுகலை மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்று பலருக்குத் தெரியாது. ஒரு பகுதியைப் படித்ததும் தாளை மூடிவிட்டு, அதில் என்ன சொன்னார்கள் என்று தோழியிடம் தமிழில் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். வந்தால் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதி, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அப்போதே பக்கத்தில் போட்டுவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

முதலில் மெத்தட்ஸை எழுதுங்கள். எந்தத் தோட்டம், எவ்வளவு உயரம், எத்தனை மரம், எப்படி அளந்தீர்கள் எல்லாம் நீங்களே செய்தது, யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. இறந்த காலத்தில் எழுதினால் சரியாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள், அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்காது. டிஸ்கஷனில் மட்டும் நிதானம் வேண்டும், ஒரே தோட்டத்தில் பார்த்ததை வைத்து மலை முழுக்க இப்படித்தான் என்று எழுத முடியாது, ‘மே’, ‘சஜெஸ்ட்ஸ்’ என்று ‘இருக்கலாம்’ என்ற தொனியில் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் அதற்குத்தான் இருக்கின்றன. வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று முழித்தால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃபிரேஸ்பேங்க் தளத்தைப் பாருங்கள், அங்கிருக்கும் பொதுவான வாக்கிய வடிவங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பழைய ஆய்வேடுகளும் கிடைக்கும், அத்தியாய அமைப்பைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றின் ஆங்கிலமும் நன்றாக இருக்காது.

கேள்வி: தமிழில் எழுதி ஏஐ மூலம் ஆங்கிலமாக்கிக் கொடுத்தால் தவறா சார்?
- மாணவர், ஓமலூர்

பதில்: உங்கள் துறையில் அனுமதி உண்டா என்று முதலில் கைடிடம் கேளுங்கள், இடத்துக்கு இடம் விதி மாறும். அனுமதி இருந்தாலும் முதல் வரைவை நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள், எவ்வளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிழை பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அது தரும் மேற்கோள்களை அப்படியே நம்பாதீர்கள், இல்லாத கட்டுரையைக்கூட இருப்பதாகச் சொல்லும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உங்கள் வாக்கியத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.