ஆறு மாதம் பூட்டிய வீடு: மெயினை அணைத்தால் போதுமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஐப்பசியில் அமெரிக்கா கிளம்புகிறோம், சித்திரையில்தான் திரும்புவோம். வீட்டில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ஆட்டோமேட்டிக் மோட்டார், நான்கு கேமராக்கள் இருக்கின்றன. கரண்ட் பில்லைக் குறைக்க மெயினை அணைத்துவிட்டுப் போகலாமா? இல்லை, ஈ.பி. இணைப்பையே சரண்டர் செய்துவிடலாமா?

பதில்: சரண்டர் பேச்சே வேண்டாம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தோடு வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மீட்டர் ஓடாத வீட்டுக்கு நீங்கள் தண்டமாகக் கட்ட எதுவும் இல்லை. திரும்பி வந்து புது இணைப்புக்கு விண்ணப்பம், டெபாசிட் என்று அலைவதுதான் மிச்சமாகும்.

மெயின் விஷயத்துக்கு முன் ஒரு சின்னக் கணக்கு. எந்தப் பொருளும் இடைவிடாமல் ஒரு வாட் இழுத்தால் 60 நாளில் 1.44 யூனிட் ஆகும். கேமரா, ரெக்கார்டர், வைஃபை மூன்றும் சேர்ந்து 40 வாட் என்று வையுங்கள், இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் 20 வாட் இழுத்தால் 29 யூனிட். காலி ஃபிரிட்ஜ் ஓடினால் அதற்கு இன்னொரு 30, 40. 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டால் கேமராக்கள் தாராளமாக அந்த நூறுக்குள் அடங்கும். ஆகவே மெயினை அணைக்காதீர்கள். கேமராவுக்கும் வைஃபைக்கும் உரிய எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் தனி சுவிட்ச்) மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கீழே தள்ளுங்கள். இப்படி அணைப்பதால் பெரிய பணம் மிச்சமாகாது. ஐப்பசி இடியாலும் எலி கடித்த வயராலும் வரும் ஆபத்து குறையும், அதற்காகத்தான் சொல்கிறேன். டிவியின் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு சோதனை செய்யுங்கள். விடப்போகும் எம்.சி.பி.யைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும், சிங்கிள் ஃபேஸில் பெரும்பாலும் 3200. அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்பது சுமார் 19 வாட். உங்கள் கேமராக்களுக்கு அது நிமிடத்துக்கு இரண்டு. நான்கைந்து முறை மின்னினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது நீங்கள் மறந்துபோன ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அப்போது நேரம் இருக்கும். விமானம் ஏறும் நாளில் இருக்காது.

பூட்டிய வீட்டில் உண்மையாகவே பில்லை ஏற்றக்கூடியது ஆட்டோமேட்டிக் மோட்டார்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாடிக் கழிவறையின் ஃபிளஷ் டேங்க் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. தொட்டி இறங்கும், சென்சார் மோட்டாரைப் போடும், தொட்டி நிறையும், மறுபடி இறங்கும். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். ஆளில்லாத வீட்டுக்கு ஆள் இருக்கும் வீட்டைவிட அதிக பில் வந்தது. மோட்டார் எம்.சி.பி.யை அணைப்பதோடு தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வையும் மூடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிதான் கொஞ்சம் வம்பு பிடித்தது. சார்ஜிலேயே விட்டால் ஆறு மாதத்தில் தண்ணீர் வற்றும், பார்க்க ஆளிருக்காது. அணைத்துவிட்டால் தானாகவே சார்ஜ் இறங்கி, தகடுகளில் உப்பு படிந்து பேட்டரி செத்துப்போகும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முழு சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து மாட்டி, ஒரு நாள் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, நன்றாகக் காயவைத்து, கதவிடுக்கில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் போங்கள். மூடி வைத்தால் பூஞ்சை நாற்றம் லேசில் போகாது.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வரும் அந்த ‘யாராவது’ மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் எந்த நாளில் வருவது என்பது முக்கியம். ரீடிங் எடுக்கும் நாளில் வரட்டும். கேட் பூட்டியிருந்து மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால் ‘டோர் லாக்’ என்று எழுதி, பழைய கணக்கை வைத்து உத்தேசமாக ஒரு தொகை போடுவார்கள். ஏசி ஓடிய மாதங்களின் பில்லை, ஒரு விளக்குகூட எரியாத வீட்டுக்கு நீங்கள் அமெரிக்காவிலிருந்து கட்டுவீர்கள். உண்மையான ரீடிங் எடுத்த பிறகு அது கணக்கில் சரிக்கட்டப்படும் என்றாலும் அதுவரை பணம் அங்கே கிடக்கும். வெள்ளை அட்டையைப் பார்த்தால் எந்தத் தேதிவாக்கில் வருகிறார்கள் என்பது தெரியும். மைத்துனர் அன்று கேட்டைத் திறந்துவிட்டு, மீட்டரை ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி, பேட்டரியையும் கவனித்துவிட்டுப் போகலாம். ஆறு மாதத்துக்கு மூன்று நடை. பழைய வீடு என்றால் மீட்டர் வீட்டுக்குள் இருக்கும், அதை வெளிச்சுவருக்கு மாற்றித்தரச் சொல்லி இப்போதே ஈ.பி. ஆபீஸில் விண்ணப்பியுங்கள்.

பணம் கட்ட வழி இரண்டு. ஒன்று, கிளம்பும்போதே ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிவிடுவது, வரும் பில்கள் அதில் கழிந்துகொண்டே போகும். மற்றது ஆன்லைனில் அவ்வப்போது கட்டுவது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் கெடு, தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். கேமராவும் சேர்ந்து கண்ணை மூடும். என்னைக் கேட்டால் முன்பணமே நிம்மதி, இரவு பகல் மாறிக் கிடக்கும் ஊரில் கெடுத்தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சர்வீஸ் நம்பரோடு பதிவு செய்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், பில் தகவல் அதற்குத்தான் வரும். ‘பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடவும்’ என்றும் வரும். அது மோசடிக்காரர்களின் வேலை. ஊரில் இருப்பவர் எட்டி மீட்டரைப் பார்த்துவிடுவார், வெளியூரில் இருப்பவர்தான் பதறிக் கூப்பிடுவார். சந்தேகம் வந்தால் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கேளுங்கள்.

சித்திரையில் வந்து இறங்கியதும் எல்லா எம்.சி.பி.யையும் ஒரே தட்டில் மேலே தள்ளாதீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, அது விழுகிறதா என்று உறுதி செய்யுங்கள். கீசரைக் கடைசியில் போடுங்கள், அதுவும் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகு.