மலைச்சரிவில் சிறுகுடில்: கேள்வி பதில்

மூணாறைச் சுற்றியுள்ள இடுக்கி மலையூர்களில், இயற்கையை நாடி வரும் விருந்தினருக்காகக் குடில் கட்ட விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு, அங்கேயே மண்ணும் மரமும் கொண்டு வீடு கட்டிவரும் பொறியாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (வட்டவடை): ஐயா, பூண்டு விளையும் நிலத்தின் ஓரத்தில் நான்கு குடில்கள் கட்ட எண்ணியிருக்கிறேன். கூரை தரைவரை இறங்கும் முக்கோண வீட்டின் படத்தைக் காட்டி, நார்வேயில் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்கிறான் மகன். இங்கே பொருந்துமா?

பதில்: பொருந்தாது என்பதே என் கருத்து. செங்குத்தான கூரை, பனிப்பொதி தங்காமல் வழுக்கி விழ உதவும். நம் மலையில் ஜனவரி விடியலில் புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படியுமே தவிர, கூரையை அமுக்கும் பனிப்பொழிவு கிடையாது. முக்கோண வீட்டில் சுவரும் கூரையே என்பதால் வெப்பம் வெளியேறும் பரப்பு பெருகுகிறது. ஓரங்களில் நிமிர்ந்து நிற்க முடியாததால் தரையில் ஒரு பங்கு வீணாகிறது. நமக்குத் தொல்லை தருபவை சாய்ந்து அடிக்கும் மழையும் காற்றும்தான். முப்பது பாகைச் சரிவுள்ள கூரையும், இரண்டரை அடிக்குக் குறையாத இறவாரமும், காற்று தூக்கிவிடாதபடி சுவரோடு பட்டையிட்டு இறுக்கிய உத்திரமும் போதும். மகனுக்குப் படம் எடுக்க ஒரு திண்ணை கட்டிக்கொடுங்கள்.

கேள்வி (காந்தளூர்): தகரக் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் குளிர்காலத்தில் விடிகாலையில் படுக்கையின்மீது நீர் சொட்டுகிறது. ஏன்?

பதில்: அது மழைநீர் அல்ல, தங்கியவர்களின் மூச்சு. இருவர் ஓர் இரவு உறங்கினால், மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் அளவுக்கு நீராவி அறைக்குள் சேரும். மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது; அதன் அடிப்பக்கத்தைத் தொடும் ஈரக்காற்று அங்கேயே நீராகப் படிகிறது. ஆகவே அறைக்காற்று தகரத்தைத் தொடாதவாறு கட்ட வேண்டும். தகரத்துக்குக் கீழே காற்றோடும் இடைவெளி, அதற்குக் கீழே மூன்று அங்குலக் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வுல்) அல்லது அழுத்திய தேங்காய் நார், அதன் அறைப்பக்கத்தில் இணைப்புகள் ஒட்டப்பட்ட பாலித்தீன் விரிப்பு, கடைசியாகப் பலகைச் சீலிங் என்பது வரிசை. விரிப்பைத் தகரத்தின் பக்கம் போட்டால் ஈரம் கம்பளிக்குள்ளேயே சிக்கும். நனைந்த கம்பளி குளிரைத் தடுக்காது. அறையின் ஈரம் வெளியேற, எதிரெதிர்ச் சுவர்களில் உயரமாக இரண்டு சிறு துளைகள் விடுங்கள். பணம் குறைவென்றால் சுவரிலும் தரையிலும் சிக்கனம் பிடியுங்கள், கூரையில் வேண்டாம்.

கேள்வி (தேவிகுளம்): சுவருக்கு மண்ணா, செங்கல்லா, மரமா? எது சூழலுக்கு நல்லது?

பதில்: விருந்தினர் எப்போது வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஓர் அடி தடிமனுள்ள மண்சுவர் வெப்பத்தைச் சேமித்து மெல்ல விடும். ஆண்டு முழுவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு அது அருமை. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறன்று திரும்புவோருக்கோ, வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த அந்தச் சுவர் சூடேறுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். அத்தகைய குடிலுக்கு, கருங்கல் அடித்தளத்தின் மேல் இரட்டைப் பலகையும் நடுவில் நாரும் வைத்த இலேசான சுவரே விரைவில் கதகதப்பாகும். செங்கல்தான் என்றால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவதால், கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாவதோடு உள்ளிருக்கும் காற்று குளிரையும் தடுக்கிறது. மரத்துக்கு, இங்கே குன்றெங்கும் நிற்கும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் வகையே போதும். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் திட்டுகிற மரம் நம் கூரையைத் தாங்கட்டுமே. ஆனால் அது காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும். நிழலில் அடுக்கிப் பல மாதம் காயவைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி (சூரியநெல்லி): ஜன்னலை எந்தத் திசையில் வைப்பது? யானைத் தொல்லையும் உண்டு.

பதில்: நாம் பத்துப் பாகை வடக்கில் இருப்பதால், டிசம்பர் உச்சிவெயில் தெற்கிலிருந்து சாய்ந்து உள்ளே வரும், ஜூனில் சூரியன் வடக்கே போய்விடும். ஆனாலும் பிற்பகலில் மூடுபனி ஏறும் உங்கள் ஊரில் கிழக்கு ஜன்னலையே முதன்மையாகக் கொள்வேன். இரட்டைக் கண்ணாடி வெப்ப இழப்பை ஏறக்குறைய பாதியாக்கும், விலைதான் உறுத்தும். ஒற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் இரவில் அடைக்கத்தக்க மரக்கதவு வைத்தாலே பெரும் பயன் கிடைக்கும். யானையைப் பொறுத்தவரை, தங்கும் குடிலில் அரிசி வைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானல் பகுதியிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, அரிசிக்காக (மலையாளத்தில் அரி) ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்தே அந்தப் பெயரைப் பெற்றது.

கேள்வி (மறையூர்): இரவில் கரிக்கணப்பு வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அடைத்த அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமில்லை, உறங்குபவர் எழமாட்டார். புகைபோக்கியும் வெளிக்காற்றுக் குழாயும் உள்ள இரும்பு அடுப்பு வையுங்கள், இல்லையேல் கனத்த மெத்தையும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள்.

கேள்வி (டாப் ஸ்டேஷன் அருகே): காட்சி நன்றாகத் தெரிய, சரிவை வெட்டிச் சமப்படுத்தலாமா?

பதில்: வெட்டாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்கள் எனும் வரிசை வீடுகளில் உறங்கிய நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டனர். அங்கே சரிவு தொடங்கியது குடியிருப்புக்கு வெகு மேலே. ஆகையால் உங்கள் மனையை மட்டும் பார்த்தால் போதாது. மேலே ஓடைத்தடமோ, மண்வெடிப்போ, புதிதாகக் கசியும் ஊற்றோ இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். பாதுகாப்பான இடமென்றால், மண்ணைத் தொந்தரவு செய்யாமல் தூண்கள்மீது தளம் அமைத்து, கூரைநீரைச் சரிவில் விழவிடாமல் குழாய் வழியே தொட்டிக்கோ ஓடைக்கோ கொண்டுசெல்லுங்கள். தூணுக்குக் குழி தோண்டும் முன் நிலத்தின் பட்டயத்தையும் (பட்டாவையும்) எடுத்துப் படியுங்கள். 1964-ஆம் ஆண்டு கேரள அரசு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பதிந்து கொடுத்த நிலமென்றால், அது விவசாயத்துக்கும் குடியிருப்புக்குமே கொடுக்கப்பட்டது. அந்நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திய மீறல்களை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்தம் 2023-இல் கேரள சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தாலும், வில்லேஜ் ஆபீஸில் எழுத்துமூலமாக அனுமதி கேட்டுப் பெறாமல் ஒரு கல்லும் இறக்காதீர்கள்.