மதுரை மாடியில் பூச்சி பிடிக்கும் டிரோசெரா: கேள்வி பதில்

இலையில் பனித்துளி மாதிரி பிசின் சுரந்து பூச்சி பிடிக்கும் டிரோசெராவைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள்.

திருநகர்: அண்ணே, டிரோசெரா ரொட்டண்டிஃபோலியா விதை ஆன்லைன்ல கிடைக்குது. ‘எதையும் தாங்கும், வெளியிலேயே வைக்கலாம்’னு போட்டிருக்காங்க. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அது தாங்குவது உறைபனியை, நம்ம வெயிலை இல்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கத்துச் சதுப்புச் செடி. குளிர்காலத்தில் மொட்டாகச் சுருண்டு சில மாதம் உறங்கியாக வேண்டும். மதுரை மார்கழியில் அந்த உறக்கம் வராது. கடையில் கிடைக்கும் இன்னொரு டிரோசெரா வகையான கேப்பென்சிஸ் மாசி வரை நன்றாக இருக்கும், சித்திரையில் வெந்துவிடும்.

இங்கே வெளியில் வைக்க நம் நாட்டு டிரோசெரா வகைகள் இரண்டு போதும்: பர்மானி, இண்டிகா. பர்மானி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தரையோடு படர்ந்திருக்கும். சின்ன எறும்பு பட்டால் இலை ஓரத்து உரோமங்கள் சில நொடியில் உள்ளே மடங்கும், கண்ணெதிரே பார்க்கலாம். இண்டிகா நிமிர்ந்து வளரும், வெயில் பிடிக்கும்.

ஆனையூர்: எங்க போர் தண்ணி டிடிஎஸ் 500 காட்டுது. கொஞ்சமா ஊத்தினா தாங்காதா?

தாங்காது. இந்த ஊரில் டிரோசெரா சாவதற்கு வெயிலை விடத் தண்ணீர்தான் பெரிய காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு. தொட்டியை நிறுத்தி வைக்கும் 30க்கு 20 செ.மீ. தண்ணீர்த் தட்டில் தினம் 1 செ.மீ. ஆவியானால் 600 மில்லி ஊற்றுவீர்கள். 500 டிடிஎஸ் என்றால் அதில் 0.3 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. ஒரே மாதத்தில் 9 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் உப்பைத் தொட்டிக்குள் போட்டதற்குச் சமம். சத்தே இல்லாத மண்ணுக்குப் பழகிய வேர் கருகிவிடும்.

டிடிஎஸ் 50க்குக் கீழே இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் முதல் தரம். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் டிரம்மை வெட்டவெளியில் வைத்துப் பிடியுங்கள். சுண்ணாம்பு அடித்த மாடியில் ஓடி வரும் தண்ணீர் ஆகாது. ஏசி குழாயில் சொட்டுவதும் சரிதான், டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் சுவைக்காக டிடிஎஸ் கூட்டி வைத்திருப்பார்கள், அதையும் அளந்து பாருங்கள்.

மேலூர்: மண் கலவை என்ன? மண்சட்டியில வைக்கலாமா அண்ணே?

உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ‘பீட்’ என்று கேட்டால் கோகோபீட்டை (தேங்காய் நார்த் தூள்) கொடுத்துவிடுவார்கள், அதில் உப்பு இருக்கும், பார்த்து வாங்குங்கள். செம்மண், சாணி எரு, மண்புழு உரம் எதுவும் ஆகாது. மணலில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் காதருகே வையுங்கள். ‘சுர்’ரென்று நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் வெள்ளை மணல் நம்பகமானது. காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, புட்டு மாவை விடக் கொஞ்சம் ஈரமாக, பிடித்தால் இரண்டு சொட்டு வடியும் பதத்துக்குப் பிசையுங்கள்.

மண்சட்டி உப்பைச் சேர்த்து வைக்கும். ஒரு கிலோ தயிர் வாளி போதும், அடியில் ஐந்து ஓட்டை. வெள்ளை நிறம் நல்லது. கறுப்புத் தொட்டி மாடியில் வேரை வேகவைத்துவிடும்.

ஒத்தக்கடை: இலை நல்லா பச்சையா இருக்கு, ஆனா பிசின் துளியே இல்ல.

வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் ஐந்து மணி நேரமாவது வேண்டும். போதுமான வெயிலில் பர்மானி சிவக்கும். பங்குனிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மழைக்கு மறுநாள் துளி இல்லையென்றால் கவலை வேண்டாம், திரும்பச் சுரக்கும். குருத்து கோணலாக வந்தால் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. தொட்டியோடு மழைத்தண்ணீரில் ஒரு நாள் முழுக்கி வையுங்கள்.

அனுப்பானடி: தட்டுத் தண்ணியில கொசுப்புழு வருது.

டெங்கு கொசு இதில்தான் முட்டையிடும். நான்கு நாளைக்கு ஒருமுறை தட்டைக் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவி, திரும்ப 1 செ.மீ. ஊற்றுங்கள். தேய்க்காமல் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

வாடிப்பட்டி: பூத்து முடிஞ்சதும் பர்மானி கருகிப் போச்சு. செத்துருச்சா?

ஆமாம், அதன் ஆயுள் அவ்வளவுதான். விதையைத் தவறவிட்டுவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. தானாகவே மகரந்தம் சேர்ந்து காய்க்கும். காய்ந்த பூத்தண்டை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். கறுப்புத் தூசி மாதிரி உதிர்வதெல்லாம் விதை. காகிதத்தில் மடித்துக் காய்ந்த இடத்தில் வைத்து, புரட்டாசிக் கடைசியில் ஈரக் கலவை மேல் தூவுங்கள். மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும், தட்டில் மட்டும் ஊற்றுங்கள். அடைமழை நேரடியாக அடிக்காத இடமாக இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் குண்டூசித் தலையளவு முளை தெரியும்.