கோலப் புள்ளியில் ஒளிந்த பெட்டி

கேள்வி: எங்கள் ஊர்க் கைவினைப் பயிற்சி மையத்தில், கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காகப் புதிர் வகை ஜியோகேச்சிங் விளையாட்டை நடத்த விரும்புகிறோம். புதிரை எப்படி அமைப்பது? வேலூர்க் கோட்டைக்குள் ஒரு பெட்டியை ஒளித்துவைக்கலாமா? – வாசகி, காட்பாடி

பதில்: ஒளித்துவைக்கப்பட்ட பெட்டியை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவதே இவ்விளையாட்டு. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாளில் ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து இதைத் தொடங்கிவைத்தார். (அவர் வாளியில் பீன்ஸ் டின் ஒன்றும் இருந்தது, இன்றைய விதிப்படி உணவுப் பொருள் கூடாது.) புதிர் வகையில், முதலில் தரப்படும் எண்கள் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை, புதிரை விடுவித்தால்தான் சரியான எண்கள் கிடைக்கும்.

கைவினை மையத்தில் நடத்துவதால், கைத்தொழிலைக் கவனிக்காமல் விடை கிடைக்காதபடி புதிர் அமைய வேண்டும் என்பது என் கருத்து. கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்து காட்டாமல், "இடுக்குப் புள்ளி 13, 7 வரை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், நடுவரிசையில் 13 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 7 புள்ளி என்று வரும் முறையைப் பிள்ளைகள் பாட்டியிடமோ அத்தையிடமோ கேட்டே தீர வேண்டும். மொத்தம் 127 புள்ளிகள். அதையே அட்சரேகை நிமிடத்தின் தசமப் புள்ளிக்குப் பின்வரும் மூன்று இலக்கங்களாக வையுங்கள். கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் ஏறத்தாழ 1.85 மீட்டர்தான் தள்ளும். கைப்பேசியின் பிழையே திறந்தவெளியில் 5 மீட்டர் அளவுக்கு இருக்கும் என்பதால் அது பொருட்டல்ல. ஆனால் இடுக்குப் புள்ளியை நேர்ப்புள்ளி என்று எண்ணி 13-ஐ 13-ஆல் பெருக்கி 169 என்று கொண்டவர், கிட்டத்தட்ட 78 மீட்டர் வடக்கே போய் அடுத்த தெருவில் நிற்பார். ஆகவே, "இலக்கங்களின் கூட்டுத்தொகை 10" என்று ஒரு சரிபார்ப்புக் குறிப்பையும் தந்துவிடுங்கள்.

தீர்க்கரேகை இலக்கங்களுக்கு, உங்கள் பக்கத்து ஊரான கரிகிரியின் மண்பாண்டத் தொழிலை நாடலாம். சுழலும் சக்கரத்திலிருந்து பானையை அறுத்தெடுப்பது எது என்று கேளுங்கள்; குயவரின் கையைப் பார்த்தவருக்கு "நூல்" என்று தெரியும். எழுத்து இரண்டு; அந்த 2 ஓர் இலக்கமாகும். வாயால் சொல்லி எண்ண வேண்டும். கணினியிடம் எண்ணச் சொன்னால், ஊகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கொண்டு நான்கு என்று சொல்லிவிடும்.

கோட்டை வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னம் என்பதோடு, அங்கே கேட்பாரற்ற பெட்டியைக் காண்பவர் காவல்துறையைத்தான் அழைப்பார். கோட்டையில் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஒன்றைக் குறிப்பாகப் பயன்படுத்திக்கொண்டு, பெட்டியை மைய நிர்வாகத்தின் அனுமதியுடன் அதன் வளாகத்திலேயே, மண்ணைத் தோண்டிப் புதைக்காமல் வையுங்கள். கரிகிரிச் சாடியிலேயே வைக்கத் தோன்றும். பிள்ளைகள் துழாவும் இடத்தில் அது உடைந்தால் கையைக் கிழிக்கும். இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே போதும். உள்ளே பேனாவுக்குப் பதில் பென்சிலை வையுங்கள், வேலூர் வெயிலில் மை கசிந்து குறிப்பேடே வீணாகிவிடும்.