‘அந்த நாள்’ இரவுக்கு இரண்டு யோசனை

வணக்கம். அடுத்து ‘அந்த நாள்’ படத்தை எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாகப் பார்க்க ஒரு இரவு ஏற்பாடு செய்கிறீர்கள். ஆனால் ஸ்கிரீன் ஷேர் செய்து படம் ஓட்டினால் படமும் சத்தமும் ஒட்டவில்லை, போதாக்குறைக்கு ஒருவர் கொலையாளி பெயரைச் சாட்டில் போட்டுவிட்டார் என்கிறீர்கள்.

முதலாவது சுலபம். ஸ்கிரீன் ஷேரையே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு நெட் கொஞ்சம் திணறினாலும் எல்லோருக்கும் திணறும். சில ஓடிடி தளங்களில் திரையே கறுப்பாகிவிடும், அது காப்புரிமைப் பூட்டு. அவரவர் போனிலோ டிவியிலோ ஒரே பிரதியைத் திறந்து, நீங்கள் மூன்று எண்ணியதும் பிளேயை அழுத்தட்டும். நீளம் வேறுபடும் பிரதிகள் கலந்தால் மறுபடி குழப்பம்தான், அதனால் லிங்கை முன்பே அனுப்பிவிடுங்கள். பேச்சுக்குத் தனியாக ஒரு ஆடியோ கால், உங்களைத் தவிர எல்லோரும் மியூட்டில்.

இரண்டாவதுதான் பெரிய தலைவலி. 1954இல் வந்த படம், பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தப் படத்தின் அமைப்பே உங்களுக்குக் கை கொடுக்கும். ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிக்க, ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பாட்டே கிடையாது, எழுந்துபோக இடைவெளி இருக்காது. எனவே ஒவ்வொரு வாக்குமூலம் முடிந்ததும் நீங்கள் குரல் கொடுங்கள், எல்லோரும் ஒன்றாக நிறுத்தட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் மட்டும் தங்கள் சந்தேகத்தை உங்களுக்குத் தனிச்செய்தியாக அனுப்பட்டும். ஏற்கெனவே பார்த்தவர்களுக்குச் சாட்டைப் பூட்டிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கடைசியில் யார் எந்தக் கட்டத்தில் யாரைச் சந்தேகித்தார் என்று வாசித்துக் காட்டுங்கள், படத்தை விட அதற்குத்தான் சிரிப்பு அதிகம் வரும்.