கோடை முடியும் வாரங்களில் விடியற்காலைக் காட்டு நடை

உடன் பணிபுரிவோர் ஆகஸ்ட் இறுதியில் விடியற்காலைக் காட்டு நடைக்கு அழைத்திருப்பதாகவும், பழக்கமில்லாத காட்டுக்குள் அந்த நேரத்தில் போகலாமா, எதற்கு அஞ்ச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போய் வாருங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் அக்டோபரின் இலை வண்ணங்களுக்காகவே காட்டுக்குப் போவார்கள். பல ஆண்டுகளாக இங்கே நடந்துவரும் எனக்கோ, கோடை முடியும் இந்த வாரங்களின் விடியலே மிகவும் விருப்பமானது.

இரவு நீளத் தொடங்குவதால், மேகமற்ற வானத்தின் கீழ் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்ந்து, புல்லிலும் சிலந்தி வலைகளிலும் பனித்துளி கனத்துத் தங்குகிறது. வட்டவலை பின்னும் சிலந்திகள் பல முழு வளர்ச்சி அடைவதும் இதே பருவத்தில்தான் என்பதால், பகலில் கண்ணுக்குத் தப்பிவிடும் வலைகள் அனைத்தும் முதல் ஒளியில் துலங்கும். பறவைகளின் குரல் குறைந்திருப்பதைக் கண்டு காடு வெறிச்சோடிவிட்டது என்று எண்ணாதீர்கள். இனப்பெருக்கம் முடித்த பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கும் காலம் அது. பறக்கும் வலு குறைந்திருப்பதால் பாடாமல் மறைவில் இருக்கும்.

அச்சம் என்று கேட்டால், பெரிய விலங்குகளைவிட எள்ளளவே உள்ள உண்ணிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். அவை உயர்ந்த புல்லின் நுனியிலும் புதரிலும் காத்திருந்து, உரசிச் செல்பவர் மீது தொற்றிக்கொள்ளும். அவற்றில் சில லைம் நோயின் பாக்டீரியாவைச் சுமப்பவை. நீளக் காற்சட்டை அணிந்து, அதன் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிப் பாதையின் நடுவிலேயே நடங்கள். திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால், எண்ணெயோ நெருப்போ வைக்காமல், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் செல்லும் என்பதால், அன்றே தேடுவது பெரும் பாதுகாப்பு. அடுத்த 3 முதல் 30 நாள்களுக்குள் விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ காய்ச்சலோ தோன்றினால் மருத்துவரிடம் கடித்த நாளைச் சொல்லுங்கள்.

காளான்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உங்களை வேண்டியே கேட்கிறேன். அமானிட்டா ஃபலாய்டிஸ் என்னும் கொடிய காளான் இந்தப் பருவத்திலிருந்தே முளைக்கிறது. அதன் இளம்பருவம் ஆசிய நாடுகளில் உண்ணப்படும் வைக்கோல் காளானை மிகவும் ஒத்திருப்பதால், புதிதாகக் குடியேறியவர்கள் ஏமாந்து உண்டு உயிரிழந்திருக்கிறார்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு அழியாது. உண்டபின் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாமலிருந்து, பின்னர் கல்லீரலைத் தாக்கும்.

பனியில் நனைந்தாலும் ஈரம் உள்ளே இறங்காத காலணியும், கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய மெல்லிய மேலாடையும், மரநிழலில் இருள் விலகத் தாமதமாகும் என்பதால் ஒரு தலைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை தனியாகப் போக விரும்பினால், எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பல காடுகளில் கைபேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை.