மயான காண்டம்: ஆட்டம் அருமை, நாடகம்தான் பிடிக்கல

ஹட்டனில் அண்மையில் மேடையேறிய அரிச்சந்திர மயான காண்டம் இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு, உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் டீச்சர் சொன்னது இது: “இதைவிட நல்லா யாரும் போட முடியாது. ஆனா எனக்கு இந்த நாடகம் பிடிக்காது.” அதன்பிறகு வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும்.

மஸ்கெலியாவிலிருந்து: டீச்சர், நல்லா போட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. பிறகு எப்படிப் பிடிக்காமப் போகும்?

நல்லா போட்டதாலதான். சுமாரான குழுன்னா மைக்கையும் ஒட்டுத் தாடியையும் குறை சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடலாம். இவங்க அதுக்கு இடம் வைக்கல. கீபோர்டை ஒதுக்கிட்டு ஆர்மோனியமும் மிருதங்கமும் வச்சாங்க. விடிய விடிய ஆடுற கதையை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. அரிச்சந்திரன் பெண்சாதி சந்திரமதியா வந்த பிள்ளை முகாரியில் ஒப்பாரி எடுத்தப்போ பக்கத்தில் இருந்த ஐயா துவாயால முகத்தை மூடிக்கிட்டார். நானும் அழுதேன். பாட்டுக்கு அழுதேன், கதைமேல கோபம் கோபமாத்தான் இருந்துச்சு.

லிந்துலையிலிருந்து: எனக்குக் கதையே சரியாத் தெரியாது அக்கா.

அரிச்சந்திரன் பொய் சொல்வானா மாட்டானான்னு வசிட்டருக்கும் விசுவாமித்திரருக்கும் வாதம். அந்தச் சோதனையில் நாடு போகுது, மேல கடனும் ஏறுது. வசூலிக்க விசுவாமித்திரரோட ஆள் நட்சத்திரேசன் காசி வரைக்கும் பின்னாலேயே வர்றான். பெண்சாதியும் மகன் லோகிதாசனும் காலகண்டையருக்கு விலையாகிறாங்க. ராசா சுடலை காக்கிற வீரபாகுவுக்கு விலையாகிறான். பாம்பு கடிச்ச மகனைத் தாய் சுடலைக்குத் தூக்கிட்டு வர்றா. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுத்தாத்தான் எரிக்கலாம்னு புருஷன் சொல்றான். யாருன்னு தெரிஞ்ச பிறகும் சொல்றான். அப்புறம் அவமேல கொலைப்பழி விழுந்து, அவளை வெட்டவும் அவனே வாளெடுக்கிறான். வாள் மாலையாகும், தெய்வங்கள் வரும், எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

தலவாக்கலையிலிருந்து: உண்மைக்காகக் கஷ்டப்படுறது தப்பா? காந்தியே இந்த நாடகத்தைப் பார்த்துத்தானே மாறினார்?

சின்ன வயசில் பார்த்ததையும், அரிச்சந்திரனா தனக்குள்ளேயே கணக்கில்லாத தடவை நடிச்சுப் பார்த்ததையும் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கார். சந்திரமதியா ஒரு தடவை நடிச்சுப் பார்த்திருந்தா என்ன எழுதியிருப்பாரோ! வாக்குக் கொடுத்தது அவன், விலை போனது அவ. சில வடிவங்களில் “என்னை வித்துடுங்க”ன்னு அவளே சொல்வா. அது எனக்கு இன்னும் ஆகாது.

இன்னொண்ணு. நம்ம ஆட்கள் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வரும்போதே, ஆள் சேர்த்துக் கூட்டிட்டு வந்த கங்காணி கணக்கில் கடன்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதில் ஏறும். வேற தோட்டத்துக்குப் போகணும்னா கடன் தொகை எழுதின துண்டு வேணும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினாங்க. நட்சத்திரேசன் கொமடி பண்ணிக் கடன் கேட்கும்போது மண்டபமே சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரல. கடனுக்கு ஆளை விக்கிறதை ராசாவோட பெருமையா மட்டும் காட்டினா, நம்ம தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கும்?

பண்டாரவளையிலிருந்து: வீரபாகுவைப் பற்றிப் பேசவே இல்லையே டீச்சர். எங்க தாத்தா தப்பு மேளம் அடிச்சவர், அதனால கேட்கிறேன்.

கேட்கவேண்டிய கேள்வி, தம்பி. ராசாவுக்குக் கொடுக்கிற ஆகக்கூடிய அவமானம் எது? சுடலைக்காரனுக்கு அடிமையாகிறது. பிறப்பில் நான் இந்தச் சாதியில்லை, இடையில்தான் இப்படி ஆனேன்னு ராசா புலம்புற பாட்டு ஒண்ணு உண்டு. இந்தக் குழு அதை வெட்டிட்டாங்க, வீரபாகுவையும் குடிகாரக் கோமாளியாக்கல. நெறியாளருக்கு அதுக்காகவே ஒரு கும்பிடு. ஆனா பாட்டை வெட்டலாம், கதையோட எலும்பை வெட்ட முடியாது. அந்தத் தொழில் கீழானதுன்னு பார்க்கிறவங்க நம்பினாத்தான் ராசா விழுந்ததுக்கு அழுவாங்க.

கம்பளையிலிருந்து: இப்படிப் பார்த்தால் பழைய நாடகம் எதுவும் மிஞ்சாது. நடிகமணி வைரமுத்துவையும் வேண்டாம் என்பீர்களா?

ஐயா, காங்கேசன்துறை வைரமுத்துவையும் அவருடைய வசந்த கான சபாவையும் தள்ளிட்டு இந்த நாட்டு இசை நாடகத்தைப் பேசவே முடியாது. இந்த மயான காண்டத்தாலதானே அவர் பேர் நின்னுச்சு? நடிப்பை மதிக்கிறேன், கதையோட சண்டை போடுறேன். வள்ளி திருமணம் போட்டா விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். தினைப்புனம் காக்கிற பொண்ணு வேலனோட தர்க்கம் பண்ணுவா பாருங்க, அங்க ஒவ்வொரு இரவும் நடிகை புதுசா ஏதாவது சொல்லலாம். சந்திரமதிக்கு அழ மட்டும்தான் இடம்.

இராகலையிலிருந்து: நம்ம காமன் கூத்தில் ரதியும் அழத்தானே செய்றா?

அழுறா. ஆனா தன் புருஷன் காமனைச் சிவன் எரிச்சது சரின்னு அவ ஒத்துக்கல. அழுது, வாதாடி, புருஷனைத் திரும்பக் கேட்கிறா. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் காமன் எரிந்தான்னு எரிந்த கட்சி, எரியலன்னு எரியாத கட்சின்னு ரெண்டா நின்னு லாவணிங்கிற வாதப் பாட்டுப் பாடுவாங்க. பார்க்கிறவங்களே கட்சி பிரியலாம். அரிச்சந்திரனுக்கு அப்படி ஒரு எதிர்க்கட்சி லாவணி இருந்தா நானே போய்ப் பாடுவேன். குரல் இல்லைங்கிறது வேற விஷயம்.

நானுஓயாவிலிருந்து: திரும்பப் போடுறாங்களாம். போகவா வேணாமா?

கட்டாயம் போங்க. ஆர்மோனியம் இருக்கிற பக்கமா இடம் பிடிங்க; பாட்டுக்காரர் மூச்சு எடுக்கிற இடத்தில் ஆர்மோனியக்காரர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்னு அங்கேயிருந்துதான் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்திரமதியைப் பற்றிக் கேளுங்க.